முதல் வாய்

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அறுபது எழுபது வீடுகளில் மணியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. புருஷன் தட்டில் புருஷனுக்கு முன்னால் கை வைக்கிறவள் என்று அவளுக்குப் பேர். குழாயடியில் அதைச் சொல்லிச் சிரிக்காத பொம்பளை இல்லை. புருஷன் சாப்பிட்டு எழுந்த தட்டில் பெண்டாட்டி சாப்பிடுவதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இங்கே பெண்டாட்டி எச்சில் பண்ணிக் கொடுத்ததைப் புருஷன் சாப்பிடுகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மணியம்மாள் பிறந்தது கவரைப்பேட்டைக்கு மேற்கே இரண்டு மைல் உள்ளே ஒரு குடியிருப்பில். அப்பா அப்பாவு, அந்தப் பக்கத்து ரெட்டியார் ஒருவரிடம் பண்ணையாள். ஏழு வயதில் களையெடுக்கப் போனவள் பதினெட்டு வயதில் தாலி கட்டிக்கொண்டு செவ்வாப்பேட்டைக்கு வந்தாள். அறுபத்திரண்டாம் வருஷம். மாப்பிள்ளை தேசப்பனுக்கும் அப்போது கூலி வேலைதான். இரண்டு வருஷம் கழித்து, ஆவடிக்கு அந்தப் பக்கம் போல்ட்டும் நட்டும் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அந்தத் தெருவிலிருந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறிய முதல் ஆள் தேசப்பன். காலை ரயிலுக்கு அவன் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போகிற நடையே ஒரு தினுசாக இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாகக்கூட வரும்.

கம்பெனியில் மத்தியானம் ஐந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஐந்து கேரியரையும் பிரித்து நடுவில் வைத்துவிட வேண்டும். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஐவரில் வீரராகவன் என்று ஒருவன், திருவள்ளூர் டவுன் ஆள். தேசப்பனுடைய அப்பனை வீரராகவன் தாத்தா வீட்டில் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அந்த வீரராகவன் ஒரு நாள் தேசப்பன் கேரியரில் கையை விட்டுக் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த தேசப்பன் அதை மூன்று தடவை சொன்னான்.

"நம்ம ஊட்டுக் கொழம்ப துன்னான் மணி. வழிச்சி வழிச்சி துன்னான். இன்னா போட்டு ஆக்கறாங்கன்னு கேட்டான்."

"இன்னா சொன்ன?"

"எங்க ஊட்ல ஆக்கறது அப்டிதான்னு சொன்னேன்."

மறுநாளிலிருந்து அவள் ஒரு கரண்டி கூடவே ஆக்கினாள். இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் தங்கவில்லை. அந்தத் துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் மற்றபடி ஓடிக்கொண்டிருந்த குடும்பம்தான்.

அறுபத்தேழில் தேசப்பனுக்குத் தூக்கம் போனது. எதனால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒன்றும் பொருந்தவில்லை. முதலில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அப்புறம் விறகுக்கடைக்காரனுக்கும் மணியம்மாளுக்கும் பழக்கம் என்றான். அந்தக் கடைக்காரனுக்கு அறுபது வயது, ஒரு கண் தெரியாது. கடைசியில் அவள் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று ஆரம்பித்தான். தட்டைத் தூக்கி எறிந்தான். ஒரு தடவை கேரியர் மூடியால் அடித்ததில் அவள் இடது புருவம் பிளந்து, மூன்று தையல் போட்டார்கள்.

தெருவே கூடி நிற்க, கங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்து அவள் சத்தியம் செய்தாள். "நான் சோத்துல ஒண்ணும் கலக்கல தாயே. கலந்திருந்தா என் கை வௌங்காமப் போவட்டும்." அன்றைக்கு அது சுத்தமான உண்மை. உள்ளங்கை பொசுங்கியதுதான் மிச்சம். தேசப்பன் நம்பவில்லை.

வீரராகவனும் மணியம்மாளின் தம்பி முனிகிருஷ்ணனும் சேர்ந்து அவனைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பேரைச் சொன்னாலே போதும், கேட்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆறு வாரம் வைத்திருந்தார்கள். கரண்ட் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வந்தவன் சதை போட்டு, சாந்தமாக, கொஞ்சம் மந்தமாக இருந்தான். கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வேளையும் மாத்திரை போட வேண்டும், நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு மாசம் போட்டான். பிறகு மாட்டேன் என்றான். "நாக்கு தடிச்சிப் போவுது, கை நடுங்குது, மிஷின்கிட்ட நின்னுகினே தூங்கறேன். பைத்தியக்காரன் மாத்திர துன்றான்னு பசங்க சிரிக்கறானுங்க. எனக்கு இன்னா கேடு, நான் நல்லாதான் கீறேன்." கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அவன் அக்கா பூவம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். பூவம்மாள் பக்கத்துத் தெருதான். அவள் வந்து, "அவனுக்கு வேணாம்னா உடேன். ஆஸ்பத்திரிக்காரன் சொல்றதெல்லாம் வேதமா" என்று தம்பி பக்கம் பேசிவிட்டுப் போனாள். தேசப்பனுக்கு மறுபடி தூக்கம் குறைந்தது. மணியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு தடவை இதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

மாத்திரை வாங்கும் வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. குப்பாயி, பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற குடும்பம். அவள் புருஷனுக்கும் இதே நோவு.

"போட மாட்டேன்னா உட்ருவியா? நான் மீன் கொழம்புல நுணுக்கிப் போட்ருவேன். எட்டு வருசமா போட்டுக்கினு கீறேன். அது நல்லா கடலுக்குப் போவுது, வருது."

"தெரிஞ்சிக்காதா?"

"ஏன் தெரியுது? கசப்பு தெரியாம ஆக்கணும், அவ்ளோதான்."

மணியம்மாள் யோசித்து யோசித்து வெந்தயக் குழம்புக்கு வந்தாள். வெந்தயத்தைக் கொஞ்சம் கருக வறுத்துவிட்டால் மாத்திரைக் கசப்பு அதில் அடங்கிப்போகும். மாத்திரைப் பொட்டலம் புளிப்பானைக்குள் போனது. அம்மியில் நுணுக்கி, குழம்பு இறக்கிய பிறகு கலக்கினாள். முதல் நாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கலக்கினாள். பத்தாம் நாள் எட்டிப் பார்க்கவில்லை. உப்புப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது.

தேசப்பன் தூங்கினான். வேலைக்கு ஒழுங்காகப் போனான். ஞாயிற்றுக்கிழமை அவளை ஆவடிக்குச் சினிமாவுக்குக் கூட்டிப் போனான். "மாத்திர இல்லாமயே எப்டி கீறேன் பாத்தியா" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னான். அவள் தலையாட்டினாள். அந்தப் பதினாலு மாசமும் அவர்கள் குடும்பம் நடத்தியதில் நல்ல மாசங்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்ன செய்ய, அதுதான் உண்மை.

ஐந்து பேரும் கேரியரைப் பொதுவில் வைக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால் மத்தியானக் குழம்பைத் தனியாக ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி, "இது உனக்கு மட்டும்தான்யா, வயித்துக்கு நல்லது, யாருக்கும் தராத" என்று சொல்லித்தான் அனுப்பினாள். தேசப்பனும் மற்ற மூன்று பேருக்குக் கொடுக்கவில்லை. வீரராகவன் கேட்டால் மட்டும் அவனால் இல்லை என்று சொல்ல முடியாது. டவுன்காரன் ஒருத்தன் தன் வீட்டுக் குழம்புக்குக் கை நீட்டுகிறான். அதற்கு மேல் தேசப்பனுக்கு உலகத்தில் ஒரு பெருமை கிடையாது. அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. தன் புருஷனின் பெருமையை அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

அறுபத்தொன்பது பங்குனியில் ஒரு நாள் தேசப்பனுக்கு வயிறு சரியில்லை. வெறும் மோர்ச் சோறு போதும் என்று டப்பாவை முழுசாக வீரராகவனிடம் தள்ளிவிட்டான். வீரராகவன் வழித்துச் சாப்பிட்டான். இரண்டரை மணிக்கு பிரஸ் மிஷின் முன்னால் நின்றபடியே அவன் தலை தொங்கியது. கை மிஷினுக்குள் இருந்தது. பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் கை தப்பியது. எழுப்பினால் நாக்குக் குழறுகிறது, கண் சொருகுகிறது. குடித்துவிட்டு வேலை செய்கிறான் என்று எழுதி ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள்.

வீரராகவன் சத்தியமாகக் குடிக்கவில்லை என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தடித்த நாக்கை தேசப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தக் கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஆறு வாரம் அதே நாக்கோடு கீழ்ப்பாக்கத்தில் கிடந்தவன் அல்லவா.

நாலு மணி ரயிலில் வீட்டுக்கு வந்தான். மணியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அடுப்பங்கரைக்குப் போய்க் காலைக் குழம்புச் சட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"இத்த குடி."

அவள் சட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், புளிப்பானையிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

"எத்தினி நாளா?"

"போன வருசம் தை மாசத்துலேர்ந்து."

அவன் அடிக்கவில்லை. அடிப்பான் என்றுதான் அவள் நின்றாள். அவன் பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்தான். "அப்ப நான் சொன்னது நெசந்தான்" என்றான். "எல்லாரும் என்னப் பைத்தியம்னு சொன்னீங்க. நீ சூடம் அடிச்ச. நான் சொன்னது நெசந்தான்."

அவள் சத்தியம் செய்த நாளில் கலக்கவில்லை, பிறகுதான் கலக்கினாள் என்று சொல்லலாம். சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவன் நோயில் உளறியதை அவள் தெளிந்த புத்தியோடு உண்மையாக்கியிருக்கிறாள். அவள் புருவத்தைப் பிளந்தது நோய் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். அவள் செய்த காரியத்துக்குச் சொல்ல அப்படி ஒரு பேர் இல்லை.

தேசப்பன் அன்றே அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். பொண்டாட்டி மருந்து வைத்துவிட்டாள் என்று பூவம்மாள் தெருவைக் கூட்டினாள். இந்தப் பக்கத்தில் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளப் பெண்கள் சோற்றில் ஏதாவது வைப்பார்கள் என்றும், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும் ஒரு நம்பிக்கை. அதை எடுப்பதற்கென்று ஆட்களும் இருக்கிறார்கள். பெரியபாளையத்துப் பக்கம் ஒரு கிழவனிடம் பூவம்மாள் தம்பியை அழைத்துப் போனாள். வெறும் வயிற்றில் ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்க வைத்து, அதிலிருந்து தேங்காய் நார் மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டினானாம் அவன். "பாத்துக்கோ, இதான் உன் பொண்டாட்டி வெச்சது." பூவம்மாளுக்குப் பரம திருப்தி.

மாத்திரை நின்றுபோனது. நாற்பது நாளில் தேசப்பன் ரயில்வே கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற ரயிலெல்லாம் தன் பேரைச் சொல்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். அக்கா கொடுத்த சோற்றையும் தொடவில்லை. பூவம்மாள் பயந்துபோய் மணியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நீயே பாத்துக்கமா" என்றாள். 

மணியம்மாள் வீரராகவன் வீட்டுக்குப் போனாள். சஸ்பெண்ட் ஆன சங்கதிக்குப் பிறகு அவன் முகத்தில் முழிக்க அவளுக்கு வெட்கம். ஆனால் தேசப்பன் வேறு யார் பேச்சையும் கேட்க மாட்டான். எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னாள். அவன் கேட்டுவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே தங்கச்சி. நானே அவன் கைல மாத்திரயக் குடுத்து முழுங்க வெச்சிருப்பேனே."

சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் தேசப்பன் கேரியரில் கை வைக்கவே இல்லை. ஏதாவது ஒரு சாக்குச் சொல்லித் தள்ளி உட்கார ஆரம்பித்தான். தேசப்பனுக்கு அது புரிந்தது. அவனும் கேட்கவில்லை.

இந்தத் தடவை இரண்டு மாசம். அனுப்புகிற அன்று வயசான டாக்டர் ஒருவர் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். மறைத்துக் கொடுத்தது தப்பு என்று அவளிடம் நேராகவே சொன்னார், திட்டவில்லை. பிறகு தேசப்பனைப் பார்த்து, "வீட்ல சாப்பிடணுமே, என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்றார்.

தேசப்பன் அவளைக் காட்டிச் சொன்னான். "அவ மொதல்ல துன்னணும். என் தட்லேர்ந்து, என் கண்ணெதிர்க்க. அப்பறம் நான் துன்றேன்."

"சரி. நீங்க மாத்திரையை உங்க கையால எடுத்துப் போட்டுக்கணும். அதுல அவங்க தலையிடக் கூடாது. சம்மதமா?"

இருவரும் தலையாட்டினார்கள். அப்படித்தான் அது தொடங்கியது.

டாக்டர் மூன்று மாசத்தில் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். ஐந்து வருஷம் ஆயிற்று. தேசப்பன் சொன்ன சொல் தவறவில்லை. தகரப் பெட்டியில் மாத்திரையைப் பூட்டி வைத்து, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு, இரண்டு வேளையும் தானே போட்டுக்கொண்டான். கத்தல் இல்லை, அடி இல்லை, வேலைக்கு ஒழுங்காகப் போனான். கேரியர் கட்டும்போதும் பக்கத்தில் வந்து நிற்பான். அவள் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகுதான் மூடியைப் போடுவான். 

காய்ச்சலில் வாய் கசந்து கிடந்தாலும் முதல் வாய் அவளுடையது. ஆடி வெள்ளிக்கு விரதம் இருக்க முடியாது. விரதம் இருந்தால் அவன் பட்டினி. மூன்று ஆடி பார்த்துவிட்டு விரதத்தையே விட்டாள். எதைத் தின்றாலும் ருசி போய்விட்டது. முதல் வாயில் அவள் உப்பு புளி பார்க்கவில்லை, தான் குற்றவாளி இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் நாளுக்கு மூன்று வேளை. ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"எத்தினி வருசத்துக்குயா இந்த பேஜாரு?"

அவன் தட்டைப் பார்த்தபடியே, "துன்னு மணி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. சண்டை போட்டாலாவது திருப்பிப் பேசலாம்.

எழுபத்தைந்தில் அவள் அப்பா அப்பாவு செத்துப்போனார். சாவுக்கு தேசப்பனும் வந்து, எடுத்த பிறகு அன்றே திரும்பிவிட்டான். கம்பெனியில் லீவு கிடையாது. பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரை மணியம்மாள் பிறந்த வீட்டிலேயே இருந்தாள்.

அப்பா போன துக்கம் அவளுக்கு உண்டு. ஆனாலும் மூன்றாம் நாள் தம்பி பெண்டாட்டி ஒரு கிண்ணத்தில் கூழும் பச்சை வெங்காயமும் கொடுத்தபோது, அதை யாரும் பார்க்காமல், யாருக்காகவும் விழுங்கிக் காட்டாமல் குடித்தபோது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூழில் உப்பு தெரிந்தது. எத்தனை வருஷமாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். பத்து நாளில் முகமே தெளிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். தம்பி முனிகிருஷ்ணனிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"இங்கயே இருந்துடுக்கா. புள்ளயா குட்டியா, இன்னாத்துக்கு அங்க போயி அவுரு முன்னாடி சோறு துன்னு காட்டிக்கினு? நைனா இருந்தாலும் இதான் சொல்லிருக்கும். நடவுக்குப் போனாலும் ஒரு வவுறு ரொம்பாதா?"

இரண்டு நாள் யோசித்து, சரி என்றாள். கருமாதிக்கு அவன் வருவான். சாப்பாடு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, நான் வரவில்லை, என்னால் முடியவில்லை என்று சொல்லிவிடுவது. சண்டை வேண்டாம். அவனுக்குத்தான் அக்கா இருக்கிறாளே, அவள் ஆக்கிப்போடட்டும். இதைத் தீர்மானித்த பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

கருமாதியன்று காலைப் பாசஞ்சரில் தேசப்பன் வந்தான். வெளுத்த சட்டை தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. அவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்பிக்கொண்டாள். மறுபடி மாத்திரையை நிறுத்திவிட்டானோ என்று ஒரு திடுக்கிடல். நிறுத்தினால் நிறுத்தட்டும், இனி அது என் பாடில்லை என்று மனசை அடக்கிக்கொண்டாள்.

காரியம் முடிந்து பந்தலில் பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையைத் தலை இலையில் உட்கார வைத்தார்கள். சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் விழுந்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் தம்பி பெண்டாட்டி அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

"அண்ணி, அண்ணன் எலைல கையே வெக்கல. எல்லாரும் பாதி துன்னுட்டாங்க."

கருமாதிச் சோற்றை மாப்பிள்ளை தொடாமல் உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மரியாதையில் குறை. வேட்டி துண்டு கொடுத்தது சரியில்லையா, வரிசையில் முன்பின் ஆகிவிட்டதா என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். முனிகிருஷ்ணன் கடனேயென்று இன்னொரு வேட்டியை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினான். "தப்பு இருந்தா மன்னிச்சிக்க மாமா, சாப்புடு." தேசப்பன் வேட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். கையை மட்டும் மடியிலிருந்து எடுக்கவில்லை. அவன் அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணியம்மாளுக்கு முதலில் வந்தது கோபம். ஊர் உறவு முன்னால், அப்பன் கருமாதியில், இங்கேயும் வந்து சோதிக்கிறானா? என்ன ஆனாலும் போவதில்லை என்று நின்றாள். அவன் தொடாமலே எழுந்து போகட்டும். இன்றோடு எல்லாம் முடியட்டும். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷமாக அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்த முதல் வாயைத் தின்றிருக்கிறாள். அந்த நேரத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அந்த முகத்தில் சந்தேகம் இல்லை. பசி இருந்தது. இவள் வந்துவிடுவாள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பந்தலுக்குப் போனாள். பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அவள் அவன் இலைக்கு எதிரே குந்தினாள்.

"இத்தினி நாளா இன்னாதான் துன்னுகினு இருந்த?" தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வாயப்பயம். முட்ட. நானே அவிச்சிப்பேன்."

"பதினாறு நாளுமா?"

"தோலு இருந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது இல்ல."

"மாத்திர?"

"அதெல்லாம் போட்டுக்கினுதான் கீறேன்."

"உங்க அக்கா ஊட்ல துன்றதுக்கு இன்னா?"

அவன் இதென்ன கேள்வி என்கிற மாதிரி அவளைப் பார்த்தான். "அங்க எனக்கு யாரு மொதல்ல துன்னுவா மணி?"

 தன் கையை மட்டும்தான் அவன் நம்பவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அவனுக்கு உலகத்தில் யார் கையும் ஆகவில்லை. கூடப் பிறந்தவள் கைகூட ஆகவில்லை. அவள் ஒரு வாய் தின்றால் மட்டும் அவனுக்குச் சோறு சோறாகிறது. அவன் அப்படிக் கெட்டுப்போனதில் தன் பங்கும் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. அலுப்புத்தான் வந்தது, எலும்புக்குள் போகிற அலுப்பு.

சோற்றில் சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். வடையில் ஒரு விள்ளல், பாயசத்தில் ஒரு சொட்டு. மென்று விழுங்கினாள். யாரோ ஒரு கிழவி முகவாயில் கை வைத்துக்கொண்டாள். தேசப்பன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். பதினாறு நாள் பட்டினியைத் தீர்க்கிறவன் மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். கையில் பாத்திரத்தோடு நின்ற முனிகிருஷ்ணன் அக்காவைப் பார்த்தான். அவள் தம்பியைப் பார்க்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடு மாமாவுக்கு" என்றாள். அவன் போட்டான். தேசப்பன் கை நின்றது. அவள் அதிலிருந்தும் ஒரு வாய் எடுத்துத் தின்றாள்.